எரிமலை ஏறும் முன் ஆஸ்துமா பம்ப் யார் பையில் இருக்கிறது என்று பாருங்கள்

கோடை விடுமுறை முடிந்த வாரத்தில் புதுச்சேரியில் என் கிளினிக்குக்கு ஒரு குடும்பம் வந்தது. பாலிக்குப் போன இடத்தில் ஏஜென்ட் 'நீலத் தீ' என்று ஒரு வீடியோவைக் காட்ட, ராத்திரியோடு ராத்திரியாக வேனிலும் படகிலும் போய்க் கிழக்கு ஜாவாவில் இருக்கும் இஜென் எரிமலையில் ஏறியிருக்கிறார்கள். பதினொரு வயதுப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். "ரெண்டு வருஷமா ஒண்ணுமே இல்ல டாக்டர், அதான் பம்ப்பை ஹோட்டல்லயே வச்சிட்டுப் போயிட்டோம்" என்றார் அம்மா. பையில் ஸ்வெட்டர், குளுக்கோஸ், பிஸ்கட், புளிக்காய்ச்சல் பாட்டில்கூட இருந்திருக்கிறது.

நீலத் தீயைக் கிட்டத்தில் பார்க்க எரிமலை வாய்க்குள் இறங்க வேண்டும். பாதி இறங்கும்போது காற்று திரும்பிப் புகை முகத்தில் அடித்திருக்கிறது. இருமல், அப்புறம் இழுப்பு. அப்பா முதுகில் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, மறுபடி அடிவாரம் வரை இறங்கி, ஒரு மருத்துவமனையில் நெபுலைசர் வைத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்ததாம்.

எரிமலை என்றதும் நமக்கு வெடிப்பதும் தீக்குழம்பு ஓடுவதும்தான் நினைவுக்கு வரும். வெடிக்காத நாளிலும் அது வாயுவைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த நீலத் தீயே கந்தக வாயு பாறை வெடிப்புகள் வழியாகக் கொதிக்கக் கொதிக்க வந்து, காற்றுப் பட்டு எரிவதுதான். அதிலிருந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. உங்களுக்கும் எனக்கும் தொண்டை கரகரக்கும், கண் எரியும், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ளவருக்கோ அதைவிட எவ்வளவோ குறைந்த அளவிலேயே, சில நிமிடங்களில் குழாய் இறுகிவிடும். அதிலும் மேடு ஏறும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம், மூக்கு வடிகட்டித் தருவது கிடைப்பதில்லை, விடியற்காலைக் குளிர் வேறு. ஜப்பானின் ஆசோ எரிமலையில் 1997ல் இந்த வாயுவால் இரண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அன்று மலை வெடிக்கவில்லை. ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் அதன் வாய்ப் பக்கம் வராதீர்கள் என்று இப்போது அங்கே எச்சரிக்கிறார்கள், வாயு கூடினால் பாதையையே மூடிவிடுகிறார்கள்.

"மாஸ்க் போட்டிருந்தோமே?" என்று அப்பா கேட்டார். துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் விடுங்கள், நல்ல என்-95கூடச் சாம்பலைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அங்கே வாடகைக்குத் தருகிற கேஸ் மாஸ்க் பெரியவர்கள் அளவு. குழந்தையின் கன்னத்தில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அதைப் போட்டும் போடாததுதான். தாடி வைத்த அப்பாக்களுக்கும் இதே கதை.

வாசனையை நம்பவும் வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நாம் நிம்மதியாக இருப்போம். கார்பன் டை ஆக்சைடுக்கு வாசனையே கிடையாது, காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். குளிருக்கு ஒதுக்கமாக இருக்கிறதே என்று பள்ளம் பார்த்து உட்கார்ந்து டிபன் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

வெடிப்பு விஷயத்தில் இந்தோனேசியா நான்கு நிலைகளில் எச்சரிக்கை தருகிறது, ஒன்று கீழ்நிலை, நான்கு உச்சம். மாக்மா இந்தோனேசியா என்ற அரசுத் தளத்தில் அன்றன்றைய நிலையைப் பார்க்கலாம், ஏஜென்ட் சொல்வதோடு நிற்காதீர்கள். சுமத்ராவின் மராபி எரிமலை (ஜாவாவில் இருக்கும் மெராபி வேறு) இரண்டாம் நிலையில் இருந்தது, வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற அறிவுரையும் இருந்தது. இருந்தும் ஆட்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 டிசம்பர் 3ல் வெடித்தபோது 24 பேர் இறந்தார்கள். ஜப்பானின் ஒன்டாகே 2014ல் வெடித்தது மிகக் கீழ்நிலை எச்சரிக்கையில் இருந்தபோதுதான். உள்ளே நீராவி அழுத்தம் ஏறி வெடிக்கிற வகை, பெரிதாக முன்னறிவிப்பு தராது. ஆகவே முதல் நிலைதானே என்று மேலே போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம், பார்த்தோமா இறங்கினோமா என்று இருங்கள்.

எங்கள் ஊரில் மேடு என்றால் கோரிமேடுதான். பாலியின் பாத்தூர் எரிமலை 1,717 மீட்டர், நடுராத்திரி கழிந்து கிளம்பி, சறுக்குகிற சரளையில் இருட்டில் இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சி ராஜகிரிக்கு எல்லோருமாக ஏறிப் பாருங்கள், யாருக்கு நெஞ்சு அடைக்கிறது, யாருக்கு இருமல் வருகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வீசிங் உள்ள பிள்ளை என்றால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் டாக்டரைப் பாருங்கள். தினமும் எடுக்கும் பம்ப்பை 'நல்லாயிடுச்சு' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அவசரத்துக்கான பம்ப்பும் ஸ்பேசரும் (பம்ப்பில் மாட்டி மருந்தை இழுக்கிற குழாய்) பிள்ளையோடு நடக்கிறவர் கையில் இருக்கட்டும், முன்னால் போய்விடுகிற கைடின் மூட்டையில் வேண்டாம். என்னைக் கேட்டால், வீசிங் உள்ள பிள்ளையை இஜென் வாய்க்குள் இறக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் அதே பதில்தான்.

கண் எரிச்சலில் அந்தப் பெண் நீலத் தீயைப் பார்க்கவே இல்லை. முன்னால் இறங்கிய அண்ணன் எடுத்த வீடியோவைத்தான் என் மேஜைமேல் போனை வைத்துக் காட்டினாள்.