சோல் இசை என்றால் பக்திப் பாட்டா?

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே 1950களில் உருவாகி, அடுத்த பத்தாண்டில் உச்சம் தொட்ட பாட்டு வகைக்கு சோல் (soul, அதாவது ஆன்மா) என்று பெயர். தேவாலயத்தில் பாடுகிற அதே குரலில், அதே உருக்கத்தோடு, காதலையும் பிரிவையும் பாடுவது. அகராதியைப் பார்த்து 'ஆன்மிக இசை' என்று தமிழாக்கினால், படிப்பவர் பஜனைப் பாட்டைத் தேடிப் போய்விடுவார். 'சோல்' என்று மட்டும் எழுதினாலோ செருப்புக்கடை நினைவு வரும். அதனால் 'சோல் இசை' என்று சேர்த்தே எழுதுவோம்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'சாவல்'. ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. அதற்கு முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. தமிழ் வேதாகமத்தில் இது 'ஆத்துமா'.

இந்தச் சொல் இசைக்குள் நுழைந்ததே கோயில் வாசல் வழியாகத்தான். காஸ்பல் என்பது கறுப்பினத் தேவாலயங்களின் பாட்டு. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளே 'நல்ல செய்தி' என்பதால் கத்தோலிக்கர் சொல்லும் 'நற்செய்தி' கச்சிதமாகப் பொருந்துகிறது; சீர்திருத்தச் சபையார் 'சுவிசேஷம்' என்பார்கள். டெக்சாஸில் தோன்றிய காஸ்பல் குழு ஒன்றின் பெயர் 'சோல் ஸ்டிரர்ஸ்', அதாவது ஆத்துமாவைக் கிளறுபவர்கள். அதில் பாடிய சாம் குக் 1957இல் காதல் பாட்டுக்கு மாறியபோது சபையில் பலருக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்பே பாடகர் ரே சார்ல்ஸ் இயேசுவைப் பற்றிய ஒரு பாட்டின் போக்கை எடுத்து, ஒரு பெண்ணைப் பற்றியதாக மாற்றிப் பதிவு செய்திருந்தார்.

ஆனால் இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று பார்க்க மிட்டி காலியர் என்ற பாடகியைக் கேட்பதுதான் நல்லது. 1941இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். காஸ்பல் பாடி வளர்ந்து, சிகாகோவுக்குப் போய், செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். காஸ்பல் உலகில் பெரும்புள்ளியான ஜேம்ஸ் கிளீவ்லண்டின் பாட்டு ஒன்று, 'நேற்றிரவு கடவுளோடு பேசினேன்' என்ற பொருளில் இருந்தது. 1964இல் காலியர் பாடியபோது கடவுள் இருந்த இடத்தில் 'என்னவர்' வந்து உட்கார்ந்தார். மெட்டு அப்படியே. அவசரமே இல்லாத அந்த அடித்தொண்டைக் குரலும் தேவாலயத்துக் குரலேதான். கேட்கிற நமக்கு, இது முறையீடா கொஞ்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பிரிக்க முடியாமல் இருப்பதற்குத்தான் சோல் என்று பெயர்.

அந்தப் பாட்டு, அமெரிக்காவில் எல்லா வகைப் பாட்டுகளுக்கும் பொதுவான வெற்றிப் பட்டியலில் 41ஆம் இடம் வரை வந்தது. அதன் பிறகும் நல்ல பாட்டுகள் தந்தார். ஆனாலும் செஸ் என்றாலே நினைவுக்கு வருகிற பாடகர்கள் மடி வாட்டர்ஸ், சக் பெர்ரி. அங்கே பெண் குரல் என்றால் எட்டா ஜேம்ஸ். 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் வந்து அந்தச் சொல்லுக்கே அரசியாகிவிட்டார். காலியரை விவரம் தெரிந்தவர்கள் மட்டுமே தேடிக் கேட்கிறார்கள். எனக்கென்னவோ, அந்த ஒரு பாட்டுக்காவது அவருக்கு இன்னும் பெரிய பெயர் கிடைத்திருக்க வேண்டும். 1971இல் குரல்நாணில் கட்டிகள் வந்து பாடவே முடியாமல் போனது. குரல் மீண்டபோது தேவாலயத்துக்கே திரும்பி, அதே பாட்டைக் கடவுளுக்கு உரிய பழைய சொற்களோடு பதிவு செய்தார். அப்புறம் சிகாகோவில் போதகரானார்.

சோல் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஏறியது: 'நம்ம ஆளு'. 1967 டெட்ராய்ட் கலவரத்தில் கறுப்பினக் கடைக்காரர்கள் கடையைக் காப்பாற்றிக்கொள்ள 'சோல் பிரதர்' என்று கண்ணாடியில் எழுதி வைத்தார்கள். 1969இல் பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழும் தன் கறுப்பின இசைப் பட்டியலுக்கு 'சோல்' என்று பெயர் மாற்றியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆன்மா' தத்துவ வாசம் வீசுகிற சொல். காதலியிடம் யாரும் 'என் ஆன்மாவே' என்று உருகுவதில்லை. 'உயிர்' அப்படியல்ல. வள்ளுவரே 'உடம்பொடு உயிரிடை' என்ற தொடரை நிலையாமையிலும் (338) வைத்தார், காதற்சிறப்பிலும் (1122) வைத்தார். நன்றாகப் பாடுபவரை 'உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்' என்கிறோம். சோல் பாடகியைப் புகழவும் அதுவே போதும். ஆகவே தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்கள் 'உயிரிசை' எனலாம். ஆனால் 'நம்ம ஆளு' என்ற பொருள் அதில் வராது. அதனால் வகையின் பெயராக, ஜாஸ் போல, 'சோல் இசை' என்றே வைத்துக்கொண்டு, விளக்கும் இடத்தில் 'உயிரிசை'யைப் பயன்படுத்துவது என் வழக்கம். காலியரைப் பற்றி எழுதுவதானால், 1964இல் அவர் சோல் பாடகி. குரல் மீண்ட பிறகு நற்செய்திப் பாடகி.