வலி குறைந்தால் விசுவாசம் குறையாது

முற்றிய புற்றுநோயோடு வீட்டில் கிடப்பவருக்கு மோர்பின் என்ற கடும் வலிநீக்கியை எழுதிக் கொடுத்தால், மட்டக்களப்பில் பல குடும்பங்கள் அதைக் கையில் எடுக்கவே பயப்படுகின்றன. 'அது கடைசி மருந்து, கொடுத்தால் கெதியாகப் போய்விடுவார்' என்கிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் இன்னொரு தயக்கமும் உண்டு. வலியைப் பொறுப்பதுதான் விசுவாசம், மருந்து கேட்டால் கடவுளை நம்பவில்லை என்றாகிவிடுமோ என்று. இதே தயக்கத்தோடு இருந்து பிறகு தெளிந்த ஒரு ஆச்சியைப் பற்றி, பிள்ளைகளின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எண்பது தாண்டியவர். 1978 சூறாவளியில் கூரையைப் பறிகொடுத்தவர். யுத்தத்தையும் சுனாமியையும் கண்டவர். நடக்க முடிந்த காலம் வரை புளியந்தீவில் காலைப் பூசையையும், ஆயித்தியமலை மாதா கோயிலுக்குப் பாதயாத்திரை போவதையும் அவர் விடவில்லை. நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்ததும், "இனி ஆஸ்பத்திரி வேணாம், வீட்டில சூசையப்பர் படத்துக்குக் கீழ கிடக்கிறன்" என்று தானே சொல்லிவிட்டார். நல்மரணத்துக்காகக் கத்தோலிக்கர்கள் வேண்டிக்கொள்வது புனித சூசையப்பரிடம்தானே.

ஆனால் வலி கடுமையாக இருந்தது. மாத்திரையை நீட்டினால், "ஆண்டவர் சிலுவையில பட்ட பாட்டுக்கு இது என்ன மனே?" என்பார். இந்த இடத்தில் மருத்துவர் வாதாடக் கூடாது என்பது என் எண்ணம். பங்குச் சுவாமியிடம் கேட்போமா என்றேன். சுவாமி வந்து, கடும் வலிக்கு இத்தகைய மருந்து கொடுப்பதில் தவறில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே சொல்லியிருப்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆச்சி சம்மதித்தார். அடுத்த முறை நான் போனபோது முகமே மாறியிருந்தது. "செபமாலையில முந்தி பத்து மணி சொல்ல முதல் எண்ணம் சிதறிப்போகும். இப்ப அம்பத்துமூணு மணியும் முழுசாச் சொல்றன்."

சிறிய அளவில் தொடங்கி வலிக்கேற்பக் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலிக்காக எடுப்பவர் அதற்கு அடிமையாவதும் அரிது. முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதனால் ஆரம்பத்திலிருந்தே மலமிளக்கி மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

சுவாமியை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று, நினைவு தப்பும்வரை காத்திருக்கும் வீடுகளும் பல. நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொல்லிவிட்டது. ஆச்சி முழு நினைவோடு பாவசங்கீர்த்தனம் செய்து, பூசுதல் பெற்று, நன்மையும் (நற்கருணையும்) வாங்கினார். அன்று பின்னேரமே, பல வருடங்களாகப் பேசாமலிருந்த தங்கச்சிக்கு ஆள் அனுப்பினார். தங்கச்சியும் வந்தார். நினைவு தப்பிய பிறகு இதெல்லாம் நடக்குமா?

அப்புறம் சாப்பாடு நின்றது. கனடாவில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் அழுதார்: "அம்மாவப் பட்டினி போடுறீங்களா? சேலைனாவது ஏத்துங்க." தூரத்தில் இருக்கும் எந்தப் பிள்ளையும் கேட்கும் கேள்விதான். உடல் அடங்கத் தொடங்கும்போது பசியும் தாகமும் தாமாகவே குறைந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் சேலைன் ஏற்றினால் கை கால் வீங்கலாம், நுரையீரலில் நீர் கோத்து மூச்சும் கஷ்டப்படலாம். ஈரத்துணியால் வாயைத் துடைத்து, உதட்டில் வஸ்லின் பூசிவிடுங்கள். வற்புறுத்தி ஊட்டினால் புரைக்கேறும். கடைசி நேரம் நெருங்கும்போது கை கால் குளிரும், மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களைப் பயமுறுத்தும் அளவுக்கு நோயாளியை வருத்துவதில்லை. காது கடைசிவரை கேட்கலாம் என்பதால் பேசிக்கொண்டிருங்கள். மகளின் குரலை ஃபோனில் ஆச்சியின் காதருகே வைத்தோம். சுற்றியிருந்த பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, ஒரு விடியற்காலையில் வலியின் சுவடே முகத்தில் இல்லாமல் அவர் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் இறந்தால் பொலிஸ் பிரச்சினை வரும் என்று பயந்து, கடைசி மணித்தியாலத்தில் ஆம்புலன்ஸ் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்பார்த்திருந்த, நோயால் வந்த மரணத்துக்கு அந்த ஓட்டம் தேவையில்லை. கிராம சேவகருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையோடு மரணத்தைப் பதிவு செய்யலாம். காரணம் தெரியாத திடீர் மரணம் வேறு, அதற்கு விசாரணை உண்டு. நோய் விவரம் எழுதிய அட்டை, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை மூன்றையும் முன்கூட்டியே ஒரே இடத்தில் வைத்து, அந்த இடத்தை வீட்டில் இரண்டு பேருக்காவது காட்டிவிடுங்கள்.