காரைக்குடியில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. வளவு வீடுகள் எனப்படும் முற்றம் வைத்த பெரிய பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியிருக்கின்றன. ஒரு வீதிக்கு மவுசு கூடியதும் இடத்தின் விலையும் வாடகையும் ஏறுகின்றன. அப்போது முதலில் காலி செய்யச் சொல்லப்படுபவர்கள், முகப்பு அறையில் பல ஆண்டுகளாகத் தையலோ தேநீர்க் கடையோ நடத்துபவர்கள். நீண்ட காலம் இருந்தாலே உரிமை வந்துவிடும் என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். வராது.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய சட்டத்தின் நியாய வாடகை நிர்ணயம் இதில் கிடையாது. இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டதே வாடகை.

இதன் 21-ஆம் பிரிவில்தான் பலர் சிக்குகிறார்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே, வெளியேற்றக் கோருவதற்கான ஒரு காரணமாக அப்பிரிவு வைத்திருக்கிறது. கையெழுத்திட மறுத்துக் காலம் கடத்திய உரிமையாளரே பிறகு ஒப்பந்தம் இல்லை என்று வழக்குப் போட முடிகிறது என்பது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத அநியாயம். ஆகவே ஒப்பந்த வரைவை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று பத்திர எழுத்தர் சொன்னால் நம்பாதீர்கள். அதையும் இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். வாடகைதாரரே விண்ணப்பிக்கலாம்.

செட்டிநாட்டில் கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு. வீடு பல பங்காளிகளுக்குப் பொது; அவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள்; வாடகையை வாங்கிச் சின்ன நோட்டில் தேதியும் தொகையும் குறித்துச் சுருக்கொப்பம் போடுபவர் காரியஸ்தர். அந்த நோட்டு வாடகை கொடுத்ததற்குச் சான்றாக உதவலாம், ஆனால் ஒப்பந்தம் ஆகாது. காரியஸ்தரிடம் பொது அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) இருக்கிறதா, அதில் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இடம் கோயிலுக்குச் சொந்தமானது என்றால் பெரும்பாலும் இந்தச் சட்டம் பொருந்தாது. அறநிலையத் துறைச் சட்டத்தின் வழியில்தான் போக வேண்டும்.

பதிவுக்காக மாநகராட்சிக்குப் போனால் சார்பதிவாளரிடம் அனுப்புவார்கள், அங்கிருந்து தாலுகாவுக்கு அனுப்புவார்கள். எவரும் இது தம் வேலை இல்லை என்று எழுதிக் கொடுக்க மாட்டார்கள். காரைக்குடி வட்டம் தேவகோட்டை வருவாய்க் கோட்டத்தில் வருகிறது. வாடகை அதிகாரியைப் பற்றி அந்தக் கோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை அரசின் இணையதளத்திலேயே பதிந்து ஒப்புகை எண்ணை எடுத்துக்கொண்டு போனால், தாள் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

வெளியேற்ற உத்தரவிடும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்கே உண்டு. காவலர் வந்து சாவியைக் கேட்டால் நீதிமன்ற உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். மின்சாரத்தையோ தண்ணீரையோ உரிமையாளர் நிறுத்தினால் 20-ஆம் பிரிவின் கீழ் வாடகை அதிகாரியிடம் உடனே மனுக் கொடுத்து, இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத நிலுவை விழுந்தால் அதுவே வெளியேற்றக் காரணமாகலாம். வாடகையை வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்த தாளை வைத்துக்கொள்ளுங்கள்; தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால் அந்தத் தாள்களோடு போய் வாடகை அதிகாரியிடமே பணத்தைக் கட்டிவிடலாம்.