தங்கத்திலிருந்து வெள்ளியைப் பிரித்த உப்பு

தீயில் இட்டால் தங்கம் சுத்தமாகிவிடும் என்று சொல்வோம். அதில் பாதிதான் உண்மை. செம்பு கலந்த தங்கம் என்றால் ஈயம் சேர்த்துப் புடம் போடலாம். ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகும்போது செம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். வெள்ளி அப்படிப் போகாது. எவ்வளவு சுட்டாலும் தங்கத்தை விட்டு நகராது.

ஆற்று மணலில் அரித்தெடுக்கும் தங்கத்திலோ இயற்கையாகவே வெள்ளி கலந்திருக்கும். இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிடியா நாட்டில், தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகத்தில்தான் முதலில் நாணயம் அடித்தார்கள். இரண்டு காசுகள் ஒரே எடை இருக்கும், ஆனால் மாற்று (தங்கத்தின் தூய்மை அளவு) வேறாக இருக்கலாம். வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்தான்; கிரேக்கர்கள் அந்தக் கல்லை ‘லிடியக் கல்’ என்றே அழைத்தார்கள். அதற்காக ஒவ்வொரு காசையும் உரசிக்கொண்டே வியாபாரம் செய்ய முடியுமா?

சரி, வெள்ளியை எப்படித்தான் பிரித்தார்கள்? சமையல் உப்பைக் கொண்டு! லிடியாவின் தலைநகர் சார்டிஸில் 1960களில் நடந்த அகழாய்வில், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பட்டறையே வெளிப்பட்டது. தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டி, மண்பானையில் உப்போடு அடுக்கி மூடி, நீண்ட நேரம் உலையில் சுட்டிருக்கிறார்கள். தகடு உருகிவிடக் கூடாது. தூய தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளி கலந்தது அதற்கும் முன்பே உருகிவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் அந்தப் பக்குவத்தைப் பிடித்தார்களே, அதுதான் என்னை அசர வைக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். சூட்டில் உப்பிலிருந்து குளோரின் சேர்மங்கள் ஆவியாகக் கிளம்பித் தகட்டைத் தாக்கும். வெள்ளி எளிதில் மசிந்து வெள்ளி குளோரைடாகிப் பானைச் சுவரில் ஊறிவிடும். தங்கத்தின் குளோரைடோ அந்தச் சூட்டில் நிலைக்காது. உருவானாலும் சிதைந்து மறுபடி தங்கமாகிவிடும். சார்டிஸில் கிடைத்த தங்கத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளி வெளியேறிய இடங்கள் நுண்துளைகளாகத் தெரிகின்றன.

அப்புறம் லிடியாவின் குரோசஸ் மன்னரின் ஆட்சியில் தங்கக் காசு தனி, வெள்ளிக் காசு தனி என்று வந்தது. சிங்கமும் காளையும் எதிரெதிரே முகம் காட்டும் காசுகள் அவை.

1867இல் மில்லர் என்பவர் காப்புரிமை பெற்ற முறையிலும் வேலை செய்வது அதே குளோரின்தான். உருகிய தங்கத்துக்குள் அந்த வாயுவைக் குமிழ் குமிழாகச் செலுத்துவார்கள். வெள்ளி குளோரைடாகி மேலே மிதந்து வரும், அதை வழித்தெடுத்துவிடுவார்கள்.