வலிக்காத கல்லீரலும் ஆறு மாத ஸ்கேனும்

"வலியே இல்லையே டாக்டர், பிறகு எப்படி இவ்வளவு பெரிதானது?"

இப்படிக் கேட்டவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இருப்பது தெரியும். அன்றே மதுவை விட்டார். மறுபடி தொடவே இல்லை. காமாலை இறங்கியது, வயிற்றில் கோத்திருந்த நீர் வற்றியது, பசி திரும்பியது. நோய் போய்விட்டது என்று நம்பி, ஸ்கேனுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சிரோசிஸ் வந்த கல்லீரலில் புற்றுக்கட்டி தோன்றலாம்; என்னிடம் வந்தபோது அவருடைய கட்டி 7 சென்டிமீட்டர்.

கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறை இழுபடும்போதுதான் வலிக்கும். ஆகவே வலி வரட்டும் என்று காத்திருப்பது, கட்டி வளரட்டும் என்று காத்திருப்பதுதான்.

நான் இடையீட்டுக் கதிரியல் மருத்துவர். வயிற்றைத் திறக்காமல், ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே ஊசித் துளை வழியாகச் சிகிச்சை செய்வது என் வேலை. அந்த வேலை கல்லீரலில் பலிப்பதற்கு அதன் ரத்த ஓட்டம் ஒரு முக்கியக் காரணம். பெரும்பாலான உறுப்புகளைப் போலன்றி, கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் ரத்தம் வருகிறது. ஏறத்தாழ 75 விழுக்காடு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், எஞ்சியது தமனி வழியாகவும் வந்து சேர்கிறது. ஆனால் கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தையே உறிஞ்சி வளர்கிறது. எனவே தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ நுழைத்த நுண்குழாயைக் கட்டியின் தமனி வரை கொண்டுபோய், அங்கே மருந்தைச் செலுத்தி, அந்தக் கிளையை அடைத்துவிடுகிறோம். கட்டி பட்டினியில் வாடும். சுற்றியுள்ள கல்லீரலை போர்ட்டல் சிரை காப்பாற்றிவிடும்.

அவருக்கு இதைச் செய்ய முடியவில்லை. கட்டி போர்ட்டல் சிரையின் முதன்மைக் குழாய்க்குள்ளேயே நுழைந்து அதை அடைத்திருந்தது. கல்லீரலைக் காப்பாற்ற வேண்டிய வழி மூடியிருக்கும்போது தமனியையும் அடைத்தால், கல்லீரலே செயலிழந்துபோகும். நோயெதிர்ப்பு மருந்துகளுக்காகப் புற்றுநோய் மருத்துவரிடம் அனுப்பினேன். அந்த மருந்துகள் இன்று பலருக்கு வாழ்நாளைக் கூட்டுகின்றன. ஆனாலும் அந்தக் கடிதத்தை எழுதும்போது மனம் கனத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் எழுதும் தேவையே இருந்திருக்காது.

அதே வாரம் இன்னொருவர் வந்தார். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று உள்ள பெண்; ஆறு மாத ஸ்கேனை ஒருமுறைகூடத் தவறவிடாதவர். கட்டி 2 சென்டிமீட்டர். தோல் வழியாக ஊசியைச் செலுத்தி மைக்ரோவேவ் வெப்பத்தால் சில நிமிடங்களில் கட்டியைச் சுட்டுவிட்டோம். மறுநாள் வீடு திரும்பினார். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியில்தான் இந்த முறை சிறப்பாகப் பலன் தரும். அளவு கூடக் கூட, கட்டி அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பும் கூடும். அவரும் ஸ்கேனை நிறுத்த முடியாது. ஒரு கட்டி தோன்றிய கல்லீரலில் வேறோர் இடத்தில் இன்னொன்று முளைக்கலாம்.

சிரோசிஸ் எதனால் வந்திருந்தாலும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் வேண்டும். மது, கொழுப்புக் கல்லீரல், வைரஸ் என்று காரணம் மாறினாலும் இதில் மாற்றம் இல்லை. ஹெபடைடிஸ் சி முழுவதும் குணமானவர்களுக்கும், முன்பே சிரோசிஸ் வந்திருந்தால் இது பொருந்தும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் சிலருக்குச் சிரோசிஸ் இல்லாமலே புற்று வரும்; தொடர் ஸ்கேன் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மது அருந்தாதவர்களுக்குச் சிரோசிஸ் வராது என்ற நம்பிக்கையும் தவறு. நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து இருப்பவர்கள் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கல்லீரல் புற்றில் உயரக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று ஸ்கேனைத் தவிர்ப்பவர்களையும் பார்க்கிறேன். கட்டி இருந்தும் ஏ.எஃப்.பி. உயராதவர்கள் பலர் உண்டு. ஸ்கேன் எடுப்பவரிடம் உங்களுக்குச் சிரோசிஸ் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவர் பார்க்கும் விதமே மாறும். உடல் பருமனாலோ கல்லீரல் கொழுப்பாலோ படம் தெளிவாகத் தெரியவில்லை என்று அறிக்கையில் இருந்தால், கட்டி இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த அறிக்கையைக் கோப்பில் வைத்து மூடிவிடாமல், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று அன்றே கேளுங்கள்.