ஜிம்மில் ஏன் இவ்வளவு சத்தம்?

மாலை ஆறு மணிக்கு இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில், கடைகளுக்கு மேல்மாடியில் நடக்கும் ஒரு ஜிம்முக்குள் போனால் முதலில் வந்து மோதுவது சத்தம்தான். தகரக் கூரையில் மழை. மழையை மிஞ்சக் கூட்டிவைத்த பாட்டு. பாட்டை மிஞ்சிப் பேசும் குரல்கள். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் "ஆ...ஹ்" என்று முக்கும் ஒருவர். கடைசியில் தடாலென்று தரையில் விழும் டம்பெல். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைக்கவும் வழியில்லை. எல்லாம் உள்ளேயே சுற்றும்.

வேலை முடிந்து, பஸ் பிடித்து வந்து ஒரு மணிநேரம் உடம்பைக் கவனிக்கிற ஆளுக்கு அந்த நேரம் பெறுமதியானது. பக்கத்தில் இருப்பவரின் கத்தலில் அது கெடும்போது எரிச்சல் வருவது நியாயம். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு உடம்பின் தேவை, ஒரு பங்கு பழக்கம், கணிசமான இன்னொரு பங்கு அந்த அறையால் வருவது. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் யாரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரியும்.

முதலில் முக்கலை எடுத்துக்கொள்வோம். பாரமான கொழுந்துச் சாக்கைத் தூக்குகிறவரைக் கவனியுங்கள். தூக்குமுன் மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்து, வயிற்றை இறுக்கிக்கொள்வார். இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது; நுரையீரலில் அடைபட்ட காற்று அதை மேலே வரவிடாது. வயிற்றுத் தசைகள் முன்னாலும் பக்கங்களாலும் இறுக்குகின்றன. உள்ளே அழுத்தம் ஏறி, காற்று நிறைந்த லொறி டயர் பாரத்தைத் தாங்குவதுபோல முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு முட்டுக் கிடைக்கிறது. இதற்கு வல்சால்வா முறை என்று பெயர். இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ மரியா வல்சால்வா 1704-இல் காதைப் பற்றி எழுதிய நூலில் மூச்சை அடக்கி அழுத்தும் இந்த முறையைச் சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது காதில் தேங்கிய சீழை வெளியேற்றும் வழி. பாரம் தூக்குகிறவர்கள் அதே முறையை முதுகைக் காக்கப் பயன்படுத்துகிறார்கள்.

மூச்சை முழுதாக அடைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்கட்டு வீரர்களின் இரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். 1985-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு கால்களாலும் பாரத்தைத் தள்ளும் லெக் பிரஸ் செய்யும்போது பிரஷர் சராசரியாக 320/250 வரை ஏறியது. ஒருவருக்கு 480/350. ஓய்வில் இருப்பவருக்கு 120/80 என்பதை நினைத்துப் பாருங்கள். தூக்கி முடித்ததும் அது இறங்கிவிடும். இருந்தாலும் ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பாரத்தின் கடினமான இடத்தைத் தாண்டும்போது அடைபட்ட காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அழுத்தம் ஒரேயடியாக ஏறாது. அந்தக் காற்று, இறுக்கி மூடிய குரல்நாண்களுக்கு இடையே பிதுங்கி வெளியே வரும்போது அவை அதிர்கின்றன. முக்கல் என்பது இந்தக் கசிவின் ஒலி. அதனால் கொஞ்சம் முக்கல் வருவது இயல்பு.  

சரி, கத்தினால் பலம் கூடுமா? கூடும். 1961-இல் இகாய், ஸ்டைன்ஹவுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முழங்கையை மடக்கி இழுக்கும் பலத்தை அளந்தார்கள். இழுக்கும் அந்த நொடியில் கத்தியவர்களின் பலம் சுமார் 12 சதவீதம் கூடியது. எதிர்பாராத நேரத்தில் பின்னால் துப்பாக்கி வெடித்தபோதும் சுமார் 7 சதவீதம் கூடியது. தசை அந்தக் கணத்தில் வளர்ந்துவிடவில்லை. உச்சப் பலத்தை எட்டவிடாமல் மூளை வைத்திருக்கும் தடை கொஞ்சம் தளர்ந்தது என்பதே அவர்களின் விளக்கம். அதாவது, கத்தல் உதவுவது உச்ச முயற்சிக்கு. தன் வாழ்நாளிலேயே கூடிய எடையைத் தூக்க முயலும் ஒருவர் கடைசி ரெப்பில், அதாவது கடைசித் தடவை தூக்கும்போது, கத்தினால் அதில் பொருள் இருக்கிறது. உடம்பைச் சூடாக்க எடுத்த 10 கிலோ டம்பெல்லுக்கு ஒவ்வொரு தடவையும் கத்துவதில் தசைக்கு ஒன்றும் கிடைக்காது. அது பழக்கம், அதை விடலாம்.

அந்தக் கத்தலைக் கேட்காததுபோல இருக்க முடியாததற்கும் காரணம் இருக்கிறது. சாதாரணப் பேச்சில் ஒலியின் அளவு செக்கனுக்கு நான்கைந்து தடவை ஏறி இறங்கும். அலறலில் அது 30 முதல் 150 தடவை வரை துடிக்கும். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தக் கரகரப்பு மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலாவைத் தூண்டுகிறது என்று காட்டியது. குழந்தை அழுவதையும் அபாயச் சங்கையும் கவனிக்கவைப்பது இதே கரகரப்புத்தான். தொண்டையை நெரித்து முக்கும்போது குரல்நாண்கள் ஒழுங்கிழந்து அதிர்வதால் முக்கலிலும் அது சேர்ந்துவிடுகிறது. அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவர் சகிப்பில்லாதவர் அல்ல. அவருடைய மூளை தன் வேலையைச் செய்கிறது.

எரிச்சலை முடிவு செய்வது டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு, மட்டுமல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் 1972-இல் வெளியிட்ட ஆய்வுகள் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகின்றன. ஒரே அளவு சத்தத்தைச் சிலருக்கு ஒழுங்கான இடைவெளியில் கேட்கவைத்தார்கள், சிலருக்குக் கண்டபடி. பிறகு புதிர்களைக் கொடுத்தபோது, எப்போது வரும் என்று தெரியாமல் சத்தத்தைக் கேட்டவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். இன்னொரு குழுவிடம், "வேண்டுமானால் இந்தப் பட்டனை அழுத்தினால் சத்தம் நிற்கும்" என்று சொல்லிவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பட்டனைத் தொடவில்லை; ஆனாலும் பட்டன் இல்லாதவர்களைவிடத் தாக்குப்பிடித்தார்கள். மழையின் இரைச்சலோடு படுத்துத் தூங்குகிறவருக்கு எப்போதாவது விழும் டம்பெல் பொறுக்க முடியாததாக இருப்பது இதனால்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேசுகிறவர் ஏன் தொந்தரவு என்பதற்கும் விடை இருக்கிறது. இருவர் பேசுவதை முழுதாகக் கேட்பதைவிட ஒருவர் பேசும் பாதியை மட்டும் கேட்பது கவனத்தை அதிகம் கெடுக்கிறது என்று கோர்னல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2010-இல் காட்டியது. அடுத்து என்ன சொல்வார் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கும்.

இனி டம்பெல். 25 கிலோ டம்பெல்லை முழங்கால் உயரத்தில், அரை மீற்றரிலிருந்து கைவிட்டால் தரையைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு 3 மீற்றருக்கு மேல். சீமெந்துத் தரையில் அது 2 மில்லிசெக்கனில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் தரை வாங்கும் சராசரி விசை ஏறத்தாழ 4 தொன் பாரத்துக்குச் சமம். கீழே தடித்த ரப்பர் இருந்து, நிற்க 20 மில்லிசெக்கன் எடுத்தால் விசை பத்தில் ஒன்றாகிவிடும். விழுகிற எடையும் உயரமும் மாறவில்லை. நிற்க எடுக்கும் நேரம் மட்டும் கூடியிருக்கிறது.

சட்டென்று முடியும் மோதலில் எல்லா அதிர்வெண்களும் கலந்து வரும். கூர்மையான மேல் ஓசையைச் சுவர் தடுக்கும். ஆழ்ந்த அடி ஓசை கொங்கிரீட் தட்டு வழியாகத் தூண்களுக்கும் கீழே உள்ள கடைக்கும் போய்விடும். அதனால்தான் கீழே மருந்து வாங்க நிற்கிறவருக்குக் கத்தல் கேட்காது, "தும்" கேட்கும். காதுக்குள் ஒரு சிறு தசை உண்டு. பெரிய சத்தம் வந்தால் அது இறுகி உள்காதைக் காக்கப் பார்க்கும். ஆனால் அது இறுகப் பல பத்து மில்லிசெக்கன் பிடிக்கும். டம்பெல்லின் அடி அதற்கு முன்பே உள்ளே போய்விடும்.

பாரத்தை மெதுவாக இறக்குவது மரியாதை மட்டுமல்ல, பயிற்சியும்தான். நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது தசையால் சுருங்கும்போதையும்விட அதிக விசை கொடுக்க முடியும். மேலேயிருந்து கைவிடுகிறவர் அந்தப் பாதியைச் செய்யாமல் விடுகிறார். ஒலிம்பிக் முறையில் தலைக்கு மேல் தூக்குவது வேறு விஷயம். அதைப் பாதுகாப்பாக இறக்க முடியாது, போடத்தான் வேண்டும்; ரப்பர் பிளேட்டும் மேடையும் அதற்காகவே இருக்கின்றன.

அறையின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து செக்கனுக்கு மேல் எடுத்தது. வாலஸ் சேபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து, அறையின் அளவையும் அது உறிஞ்சும் ஒலியையும் வைத்து எதிரொலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சூத்திரம் வந்தது; அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஊர் ஜிம்முக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். சீமெந்துத் தரை, பூசிய சுவர், பெரிய கண்ணாடிகள். இவை தம்மீது படும் ஒலியில் சராசரியாக 3 சதவீதத்தைத்தான் விழுங்கும் என்று எடுத்தால், ஆளில்லாதபோது ஒரு சத்தம் அடங்க 5 செக்கன் அளவு ஆகும். பத்துப் பேர் இருந்தால் 3 செக்கன் சொச்சம். கூரையின் அடிப்பக்கத்துக்கு ஒலியில் 70 சதவீதத்தை உறிஞ்சும் பொருளைப் போட்டால் 0.6 செக்கனுக்கு இறங்கிவிடும், அறை முழுதும் நிறையும் இரைச்சலும் 7 டெசிபல் அளவு குறையும். அங்கே யாரும் தன் பழக்கத்தை மாற்றியிருக்க வேண்டியதில்லை. முட்டை அட்டையை ஒட்டுவதால் இது கிடைக்காது. அது மிக மெல்லியது, தீயும் பிடிக்கும். தடித்த கம்பளித் திரையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் பேச்சு, முக்கல் போன்ற ஒலிகளுக்கு நல்ல பலன் இருக்கும்.

எதிரொலி குறைந்தால் இன்னொரு நன்மை. இரைச்சலில் நிற்கும் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911-இல் எழுதினார். மழைக்குப் பாட்டு, பாட்டுக்குப் பேச்சு, பேச்சுக்கு மறுபடி பாட்டு என்று ஏறுவது இப்படித்தான். எங்கேயாவது ஒரு படி இறக்கினால் மற்றவையும் இறங்கும். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் (NIOSH) பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணிநேரம் இருக்கலாம், 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதி. 94-இல் ஒரு மணிநேரம்தான். வந்துபோகிறவர்களுக்கு ஒரு மணிநேரம் என்றால், காலையிலிருந்து அங்கேயே நின்று பயிற்சி கொடுக்கும் மாஸ்டரின் காதை யார் பார்ப்பது? ஒலியை உணரும் உள்காது மயிர்க்கலங்கள் கெட்டுப்போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

எனக்கு அதிகக் கவலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைப் பற்றித்தான். தோட்டத்துப் பிள்ளைகள் டின்னில் சீமெந்து ஊற்றிப் பாரம் செய்து, வீட்டு முன்னாலேயே பயிற்சி செய்கிறார்கள். நல்ல விஷயம், வளரவேண்டிய விஷயம். ஆனால் பழைய லயங்கள் பலவற்றில் காம்பராக்களை, அதாவது ஒவ்வொரு குடும்பத்தின் அறைகளை, பிரிக்கும் சுவர் கூரைவரை போவதில்லை. செங்கல் சுவர் 45 டெசிபல் அளவு குறைக்கக்கூடியது. 3 மீற்றர் நீளமும் உயரமும் உள்ள சுவரின் மேல் 3 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டாலே சுவரில் 1 சதவீதம் திறந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு தடித்த சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. பக்கத்துக் காம்பராவில் தேயிலை பெக்டரியில் இரவு வேலை முடித்து வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். அங்கே பாரத்தை வாசலில் போடாமல், லயத்தின் அத்திவாரத்தைத் தொடாத மண் தரையில், மணல் நிரப்பிய பெட்டியிலோ வெட்டி விரித்த பழைய டயரிலோ இறக்கினால் அதிர்வு வீட்டுக்குள் அவ்வளவாக ஏறாது. மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசியே அதை வெப்பமாக்கிவிடும்.

சத்தம் போடும் ஆளிடம் எப்படிச் சொல்வது? "கத்தாதே" என்றால் சண்டைதான். கிளாஸும் சிங்கரும் காட்டியதை வைத்துப் பார்த்தால், முன்கூட்டித் தெரிவதே பாதி நிவாரணம். "அண்ணே, பெரிய செட் எடுக்கப்போறீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் டம்பெல்லை வைச்சிட்டு நிக்கிறேன்" என்று கேட்கலாம். பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தூக்குகிறவர் கத்தினாலும் நீங்கள் துள்ள மாட்டீர்கள். அவருக்கும் அந்தக் கடைசி ரெப்புக்குப் பின்னால் நின்று பாரத்தைப் பிடிக்க ஓர் ஆள் கிடைத்திருக்கும்.