ஏறாமல் நிற்கும் சூடு

காரைக்குடிப் பக்கம் எங்கள் தெருவில் பொங்கல் கழிந்த வாரம் சுட்ட கறிப் போட்டி நடந்தது. ஆளாளுக்குக் கல்பாசி, மராட்டி மொக்கு என்று மசாலாவில் வீரம் காட்ட, நான் இரண்டு கிலோ ஆட்டுத் தொடையில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூடி போட்ட இரும்பு டிரம், ஓரமாகத் தள்ளிய சீமைக்கருவேலக் கரி, உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ். கறியின் உள்சூடு 65 வரை கடகடவென ஏறியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு மணி நேரமாகியும் 68-ஐத் தாண்டவில்லை.

"கரி அவிஞ்சு போச்சுண்ணே" என்றான் பக்கத்து அடுப்புத் தம்பி. கரி கனகனவென்றுதான் இருந்தது.

அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டியில் 1980 முதல் நடக்கும் அமெரிக்கன் ராயல் மாதிரியான போட்டிகளில் மாட்டு நெஞ்சுக்கறியை மணிக்கணக்கில் புகையில் வைப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. இப்படிச் சூடு ஏறாமல் நின்றுபோவதை 'ஸ்டால்' என்பார்கள்.

காரணம் நம் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துப்போகிறது, தண்ணீர் குளிர்கிறது. பச்சைக் கறியிலும் முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 1 கலோரி போதும். கொதிநிலையில் அதை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். நெருப்பு கொடுக்கும் சூட்டைக் கறியின் மேல் கசிந்து ஆவியாகும் இந்த வியர்வையே தின்றுவிட்டால் உள்சூடு எப்படி ஏறும்? மேல்பரப்பு காய்ந்த பிறகுதான் முள் மறுபடி நகரும்.

பதறிப்போய்க் கரியை அள்ளிப் போட்டால் மேலே கருகும், உள்ளே ரப்பராக இழுக்கும். தசையைக் கட்டியிருக்கும் கொலாஜன் ஜெலட்டினாக இளக 80, 90 டிகிரியும் நிறைய நேரமும் வேண்டும்.

அமெரிக்காவில் இதற்குக் கறியை அலுமினியத் தாளில் சுற்றுவார்கள். நான் வாட்டிய வாழையிலையில் இரண்டு சுற்று சுற்றினேன். ஆவி போக வழியில்லாததால் குளிர்ச்சியும் நின்றது. சூடு ஏறத் தொடங்கியது. ஆனால் இலைக்குள் ஈரத்தில் மேல்தோல் நமத்துப்போகும். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மையார் விவரித்த அந்தப் பழுப்பு மொறுமொறுப்புக்குக் காய்ந்த பரப்பு வேண்டும். அதனால் கடைசியில் இலையை உரித்து, நேராகக் கனலில் காட்டினேன்.

நடுவராக வந்த ஆச்சி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். "பஞ்சா இருக்குப்பா. உறைப்புதான் பத்தல" என்றார்.

மூன்றாம் பரிசு.